மஞ்சள் நிறத்தோடு வந்த கரும்புள்ளி

மழை பிடித்துக்கொண்டால் ரோஜாச் செடியின் அடியிலைகளைக் கவனியுங்கள். கரும்புள்ளிகள் தெரியும். தாளில் சிந்திய மை பரவியதுபோல் அவற்றின் ஓரம் இழையிழையாகப் பிரிந்திருக்கும். சுற்றிலும் இலை மஞ்சளாகி, தொட்டாலே உதிர்ந்துவிடும். டிப்ளோகார்பான் ரோசே என்ற பூஞ்சையின் வேலை இது. மழைத்துளி தெறிக்கும்போது இதன் வித்துகள் இலைக்கு இலை தாவும். இலை சுமார் 7 மணி நேரம் காயாமல் இருந்தால் போதும். வித்து முளைத்து, மெழுகுத் தோலைத் துளைத்து, செல்களுக்குள் உறிஞ்சு உறுப்புகளை இறக்கிவிடும்.

எல்லா ரோஜாவும் இதற்குப் பணிந்துவிடுவதில்லை. ஜப்பான், கொரியா பக்கம் கொத்துக்கொத்தாகச் சிறு வெள்ளைப் பூ பூக்கும் மல்டிஃப்ளோரா என்ற காட்டு ரோஜாவில் நோயை எதிர்க்கும் செடிகள் உண்டு. அந்த எதிர்ப்புக்குக் காரணமான மரபணுவை ஜெர்மனியின் ஹனோவரில் தாமஸ் டெபனரின் ஆய்வுக்குழு தேடிப் பிடித்தது. அதன் பெயர் ஆர்டிஆர்1.

பூஞ்சை வெறுங்கையோடு வருவதில்லை. செடியின் தற்காப்பை மழுங்கடிக்கும் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. ஆர்டிஆர்1 உருவாக்கும் புரதமோ அதே செல்லுக்குள் காவல் இருக்கிறது. வந்திருப்பது யாரென்று அடையாளம் தெரிந்ததும் அது தற்காப்பை முடுக்கிவிட, தாக்கப்பட்ட செல் தானே செத்துப்போகிறது. ஆரம்பக் கட்டத்தில் உயிருள்ள செல்லை நம்பியே பிழைக்கும் பூஞ்சைக்கு அதற்குமேல் இரை இல்லை. சில செல்களைப் பலி கொடுத்து இலையை மீட்கும் இந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அப்படியிருக்க, தோட்டத்து ரோஜாக்கள் ஏன் இவ்வளவு நோஞ்சானாயின? நம் ரசனைக்கும் இதில் பங்குண்டு. பிரான்சின் லியோன் நகரத்து ரோஜா வளர்ப்பாளர் ஜோசப் பெர்னே-டூஷே, மேற்காசிய மஞ்சள் ரோஜா ஒன்றைக் கலப்பினம் செய்து, 1900இல் ‘சோலேய் தோர்’ என்ற வகையை வெளியிட்டார். அதன் வழிவந்த வகைகளில் அடர்மஞ்சள் நிறத்தோடு கரும்புள்ளிக்கு எளிதில் ஆட்படும் குணமும் சேர்ந்தே வந்தது. நிறத்தையும் இதழடுக்கையும் பார்த்துப் பொறுக்கியவர்கள் இலையைக் கண்டுகொள்ளவில்லை.

இலையைப் பார்த்தவர் அமெரிக்காவின் வில்லியம் ராட்லர். நோயுற்ற இலைகளைக் காயவைத்துப் பொடித்து, தன் நாற்றுகள்மேல் தானே தூவி, தண்ணீரும் தெளித்து, தாக்குப்பிடித்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். 2000இல் விற்பனைக்கு வந்த அவருடைய ‘நாக் அவுட்’ ரோஜா பெரும் வெற்றி பெற்றது.

ஆனால் பூஞ்சையிலும் பல இனங்கள் உண்டு. காவல் புரதத்துக்கு அடையாளம் தெரியாத இனங்கள் ஆர்டிஆர்1 இருந்தும் உள்ளே நுழைந்துவிடுகின்றன. ரோஜாவைத் தாக்கும் வேறொரு பூஞ்சை நோயான சாம்பல் நோயிலோ கதை நேர்மாறு. எம்எல்ஓ வகை மரபணுக்கள் சில, அந்த நோயின் பூஞ்சை குடியேறத் துணைபோகின்றன. அவற்றை முடக்கினால்தான் செடிக்கு எதிர்ப்பு கூடுகிறது.

கரும்புள்ளியின் பல இனங்களையும் தடுக்க, ஆய்வாளர்கள் ஒரு மரபணுவை மட்டும் நம்பாமல், வெவ்வேறு இனங்களை அடையாளம் காணும் இரண்டு மூன்றை ஒரே செடியில் சேர்க்கப் பார்க்கிறார்கள். இதில் ஒரு சிக்கல்: மல்டிஃப்ளோராவுக்குக் குரோமோசோம் தொகுதி இரண்டு, தோட்ட ரோஜாக்கள் பெரும்பாலானவற்றுக்கு நான்கு. நேரடியாகக் கலந்தால் பிறப்பவை மூன்று தொகுதியோடு இருக்கும்; அவற்றில் விதை பிடிப்பது பெரும்பாலும் குறைந்துவிடும். அதனால் காட்டுச் செடியின் தொகுதியை முதலில் இரட்டிப்பாக்கிவிட்டே கலக்கிறார்கள். பிறந்த நாற்றில் ஒரு துணுக்கு இலையைக் கிள்ளி டிஎன்ஏவைப் பார்த்தால், வேண்டிய மரபணு வந்து சேர்ந்ததா என்பது முதல் மொட்டு விடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.