புது ஊர், புதுக் குடித்தனம்

கல்யாணம் ஆன கையோடு வெளிநாட்டில் குடித்தனம் தொடங்குகிறவர்கள் உண்டு. உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அங்கே அவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்ளலாம்? சிங்கப்பூரை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

சிங்கப்பூர் ஒரு சின்னத் தீவு நாடு. சென்னையிலிருந்து விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கே ஆட்சிமொழிகள் 4. தமிழும் அதில் ஒன்று.

எல்லோராலும் மனைவியை அழைத்துப் போக முடியாது. கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலைக்கு 'வொர்க் பெர்மிட்' வாங்கிப் போகிறவர்கள் தனியாகத்தான் இருக்க வேண்டும். கூடுதல் சம்பளம் வாங்குகிறவர்கள் மட்டுமே குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்.

அப்படிப் போன ஒரு புதுத் தம்பதியை நினைத்துப் பாருங்கள்.

ஒரு நாள் வாழ்க்கை

அடுக்குமாடியில் வாடகை வீடு. காலையில் இருவரும் வேலைக்கு ஓட வேண்டும். சமைக்க நேரம் இல்லை. கைகொடுக்க அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. ஆனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே உணவங்காடி இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் பல கடைகள். புரோட்டா, தேங்காய்ப்பால் சோறு, நூடுல்ஸ் எல்லாம் கிடைக்கும். மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடலாம்.

இரவில் ஊருக்குப் பேச வேண்டும். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு 2½ மணி முந்தியது. நம் ஊரில் இரவு 9 மணி என்றால் அங்கே 11½ மணி. பேசி முடித்துப் படுக்க நள்ளிரவு ஆகிவிடும். தூக்கம் குறையும்.

எண்ணெய் கூடுகிறது. சர்க்கரை கூடுகிறது. நடை குறைகிறது. தூக்கமும் குறைகிறது. நீரிழிவு நோய் இப்படித்தான் நெருங்கி வரும். தொடக்கத்தில் வலி இருக்காது. இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். நம் நாட்டவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல். கருவுற்ற பெண்ணுக்குச் சர்க்கரை கூடினால் வயிற்றில் உள்ள குழந்தையையும் அது பாதிக்கும். சிங்கப்பூர் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கு மானியமும் கிடையாது. செலவு அதிகம்.

ஒரு சொல், ஓர் எழுத்து

"என்னங்க, இந்த டீயில இவ்வளவு இனிப்பு ஏன்?" என்று மனைவி கேட்கிறாள்.

அங்கே கடைகளில் டீக்கு இனிப்புச் சேர்த்த டின் பாலை ஊற்றுவது வழக்கம். அதனால்தான் அந்த இனிப்பு. சர்க்கரை வேண்டாம் என்றால் ஒரு சொல் தெரிந்தால் போதும். 'கோசோங்' என்பது அந்தச் சொல். மலாய் மொழியில் 'வெறுமை' என்று பொருள். 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத டீ கிடைக்கும்.

பாட்டில் பானங்களுக்கு ஓர் எழுத்து இருக்கிறது. 2022 டிசம்பர் 30 முதல் அங்கே பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் பிரிக்கிறார்கள். 'ஏ' நல்லது. 'டி' கடைசி. 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அது 'டி'.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட பானம் 330 மில்லி குடித்தால் 33 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகும். அதாவது 8 டீஸ்பூன்! பெரியவர்கள் ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

தட்டும் நடையும்

சாப்பாட்டுத் தட்டுக்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு. பாதித் தட்டில் காய், பழம். கால் தட்டில் தீட்டாத அரிசி அல்லது முழுத் தானியம். மீதிக் கால் தட்டில் பருப்பு, மீன், முட்டை அல்லது இறைச்சி.

ஒரு வேளையாவது வீட்டில் சமைக்க வேண்டும். சமையல் மனைவியின் வேலை மட்டும் அல்ல. இருவரும் சம்பாதிக்கிறார்கள். ஒருவர் காய் நறுக்கட்டும், ஒருவர் அடுப்பைப் பார்க்கட்டும். சாப்பிட்டபின் இருவரும் அரை மணி நேரம் வேகமாக நடக்கட்டும். வாரம் 5 நாள் நடந்தால் 150 நிமிடம் ஆகும். பெரியவர்களுக்குக் குறைந்தது அவ்வளவு வேண்டும். நடந்துகொண்டே ஊருக்குப் பேசலாம். நேரத்தோடு தூங்கவும் முடியும்.

குடித்தனம் தொடங்கும்போது வரும் பழக்கம் பல காலம் நிற்கும். நாளை பிறக்கும் குழந்தையும் அதையே பழகும். அதனால் முதல் ஆண்டிலேயே நல்ல பழக்கத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இது வெளிநாட்டுக்கு மட்டுமா? நம் ஊர்க் கடையில் விற்கும் பாட்டில்களிலும் சர்க்கரை எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். உங்களுக்கு இப்போது எழுத்தும் எண்ணும் தெரியும். வாங்கும் முன் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கும் படித்துச் சொல்லுங்கள்.