செருப்பு கழன்றது தெரிந்ததா? நடையை அளக்கும் கருவிகளின் அதிசயம்!

ஆந்திராவின் குப்பம் நகரில் ஒருவருக்குக் கால் மரத்து நடை தள்ளாடினால் எங்கே போவார்? ஊரிலேயே பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் மேல் பார்க்கவேண்டும் என்றால் ரயில்தான். ஒரு பக்கம் பெங்களூரு நிம்ஹான்ஸ், மறுபக்கம் ஜோலார்பேட்டை தாண்டி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி. நரம்பு டாக்டர் அங்கே என்ன கேட்பார் தெரியுமா? “நடக்கும்போது செருப்பு கழன்று போகுதாம்மா? கழன்றது உங்களுக்குத் தெரியுதா, தெரியாமலே போகுதா?”

தெரிந்தே கழன்றால் பாதத்தில் வலு குறைந்திருக்கலாம். தெரியாமலே கழன்றால் உணர்ச்சி குறைந்திருக்கலாம்! நம் ஊர் மருத்துவர்களுக்கு அந்தச் சாதாரண ரப்பர் செருப்பே ஒரு பரிசோதனைக் கருவி!

இப்படி நடையைக் குலைக்கும் நோய்களில் ஒன்று மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். 1868-ல் பாரிஸ் மருத்துவர் ஜான் மார்ட்டின் ஷார்கோ இதைத் தனி நோயாக வரையறுத்தார். மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல் நரம்பிழைக்கு மயலின் என்று ஓர் உறை உண்டு. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள அந்த உறையை உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிறது! உறையுள்ள வேகமான இழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டர், அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர் பறக்கும். உறையே இல்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதே அரிது. உலகில் சுமார் 29 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது, ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது. குடும்பத்தைத் தாங்கும் வயதில்!

சரி, நோய் கூடுகிறதா குறைகிறதா என்று எப்படி அளக்கிறார்கள்? பெரும்பாலும் நடையை வைத்துத்தான்! அமெரிக்க நரம்பியலாளர் ஜான் கர்ட்ஸ்கே 1983-ல் செப்பனிட்டுத் தந்த அளவுகோலில் 0 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. துணையின்றி 500 மீட்டர் நடந்தால் 4. கையில் தடியோடு 100 மீட்டர் நடந்தால் 6. இதோடு இன்னொரு சோதனையும் உண்டு: 7.62 மீட்டரை எத்தனை நொடியில் கடக்கிறார் என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்ப்பார்கள். அவ்வளவுதான்! ரயிலில் வந்து, வரிசையில் காத்திருந்து, களைத்துப்போன ஒருவரின் மூன்று மாத வாழ்க்கை அந்தச் சில நொடிகளுக்குள் அடங்கிவிடுமா?

அடங்காது என்றுதான் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 95 எம்.எஸ். நோயாளிகளின் மணிக்கட்டில் ஃபிட்பிட் பட்டையைக் கட்டிவிட்டு ஓராண்டு கவனித்தார்கள். 2019-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? நாளுக்குச் சராசரியாக 4,766 காலடிக்கும் கீழே இருந்தவர்களுக்கு, ஓராண்டு முடிவில் இயலாமை கூடுதலாக இருக்கும் வாய்ப்பு அதிகம்! காலடி எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தவர்களுக்கு மருத்துவமனைச் சோதனைகளும் மோசமாகிக்கொண்டே வந்தன. கடையில் வாங்கும் பட்டை ஒன்று இவ்வளவு சொல்லியிருக்கிறது!

அந்தப் பட்டைக்குள் இருப்பது சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்கே தெரியாத நுண்ணிய சீப்புப் பற்கள். நாம் அசைந்தால் அவையும் அசையும். இடைவெளி மாறும், மின்தேக்கும் அளவும் மாறும். அதை நொடிக்குப் பல பத்து முறை படித்து, ‘இது ஒரு காலடி’ என்று கணிப்பொறி முடிவு செய்கிறது.

ஆனால் கவனியுங்கள்: மெதுவாக நடந்தால் பட்டை சில காலடிகளைத் தவறவிடும். தடியோ, வாக்கரோ, சுவரோ பிடித்து நடந்தால் கை வீசாது. கை வீசாவிட்டால் மணிக்கட்டுக் கருவி பல காலடிகளை எண்ணவே எண்ணாது. யாருக்கு அளவு மிக அவசியமோ, அவரிடமே தடுமாறுகிறது! அதனால்தான் 2019-ல் தொடங்கிய ஐரோப்பாவின் மொபிலைஸ்-டி திட்டம், கருவியை இடுப்பின் பின்புறம் கட்டி எம்.எஸ்., பார்க்கின்சன், நுரையீரல் அடைப்பு நோய், இடுப்பெலும்பு முறிவு ஆகிய நான்கிலும் சோதித்தது. நமக்கும் அதுவே பொருத்தம் என்பேன். ஷூவுக்குள் வைக்கும் உணரிகளும் வந்துவிட்டன. ஆனால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வீடு முழுக்க வெறுங்காலில் நடக்கும் நம் பெண்களை ஷூ எப்படி அளக்கும்?

அணிந்துகொண்டே பாதத்தை அளக்கும் யோசனைக்கு நம் மண்ணோடு உறவு உண்டு! 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளையும் தொங்கிப்போன பாதங்களையும் தசைநாண்களை மாற்றிப் பொருத்திச் சீர்செய்தார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் அவரும் எப்னர் என்பவரும் ஒரு காலுறை செய்தார்கள். அதில் சாயம் அடைத்த நுண்குமிழிகள்! அழுத்தம் கூடிய இடத்தில் குமிழி உடைந்து நிறம் மாறும். வலியே உணராத பாதத்தில் எங்கே புண் வரப்போகிறது என்று காலுறை முன்கூட்டியே காட்டிவிடும். பேட்டரி இல்லை, சிப் இல்லை, ஆண்டு 1969!

இன்னொன்று தெரியுமா? உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே எம்.எஸ். உள்ள பலருக்குக் கண் மங்கும், கால் துவளும். உடலை வருத்தி உழைத்த பின் இப்படிக் கண் மங்குவதை 1890-ல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் கண்டார்; வெப்பம்தான் காரணம் என்பது பின்னர்தான் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தே நோயைச் சோதித்திருக்கிறார்கள்! காலையில், ஏ.சி. அறையில் நன்றாக நடந்து காட்டுபவர் சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு எப்படி நடக்கிறார் என்பதை இடுப்பில் கட்டிய கருவிதான் பார்க்கும்.

குப்பத்தில் 2025-ல் டாடா குழுமத்தின் துணையோடு டிஜிட்டல் நெர்வ் சென்டர் திறந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களையும் தொலைவிலுள்ள சிறப்பு மருத்துவர்களையும் இணைத்து, நோயாளியின் பதிவுகளைக் கணினியில் வைக்கும் ஏற்பாடு அது. அந்தப் பதிவில் ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் நடைக்கும் ஒரு வரி வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன். கனவல்ல இது! கணுக்காலில் கட்டும் கருவி காட்டும் நடைவேகத்தை, டூஷேன் தசைநோய் மருந்துச் சோதனைகளில் முதன்மை அளவாகவே 2023-ல் ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றுக்கொண்டுவிட்டது. எம்.எஸ். நோயாளிகளுக்கும் அந்த அங்கீகாரத்தைப் பெறத்தான் இப்போது ஆய்வாளர்கள் உழைக்கிறார்கள்!