வீட்டுக் கடன்: வட்டியை மாற்றும் அதிகாரம் யாரிடம்?

– நமது நாடாளுமன்றச் செய்தியாளர் –

திருவனந்தபுரம்: சொந்த வீடு வாங்க முனையும் நடுத்தரக் குடும்பத்தினர் வங்கியில் முதலில் கேட்கும் கேள்வி, "வட்டி எவ்வளவு?" என்பதுதான். ஆனால், 20 ஆண்டுகள் நீளும் கடனில் முதல் மாத வட்டியைவிட முக்கியமானது வேறொன்று. அந்த வட்டியை யார், எப்போது, எந்த அடிப்படையில் மாற்றலாம் என்பதே அது.

இதை நேரில் உணர்ந்தவர்கள் கிழக்கேகோட்டையிலும் சாலை கடைத்தெருவிலும் தொழில் செய்யும் தமிழர்கள். அவர்களில் பலருக்கு ஒரு காலத்தில் வங்கி என்றாலே ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர்தான். 1945-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஆதரவுடன் தொடங்கப்பட்டு, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய அந்த வங்கி, 2017 ஏப்ரல் 1-ம் தேதி பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டது. இணைப்பை எதிர்த்துக் கேரள சட்டப்பேரவை 2016 ஜூலையில் தீர்மானம் நிறைவேற்றியும் பயனில்லை. துணை வங்கிகள் தொடர்பான பழைய சட்டங்களை நீக்கும் மசோதாவுக்கு மாநிலங்களவை 2018 ஜூலையில் ஒப்புதல் அளித்தபோது, இணைப்பு முடிந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

கடன் கொடுத்த வங்கியின் பெயரே மாறக்கூடும்; கடன் பத்திரம் மட்டும் தொடரும். எனவே, கடன் வாங்குபவருக்குக் கடைசிவரை துணை நிற்பது வங்கியின் பெயர் அல்ல, பத்திரத்தில் எழுதப்பட்டுள்ள வட்டி முறையே.

நீதிமன்றமும் கைகொடுக்காது

வங்கி விதிக்கும் வட்டி அளவுக்கு மீறியது என்ற காரணத்தைக் காட்டி, கடன் கணக்கை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்ய இயலாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1984-ல் சேர்க்கப்பட்ட 21ஏ பிரிவு இதைத் தடுக்கிறது. ஆகவே, கடனாளிக்கு எஞ்சியுள்ள பாதுகாப்பு இரண்டுதான்: ஒன்று கடன் ஒப்பந்தம், மற்றொன்று ரிசர்வ் வங்கியின் விதிகள்.

இந்த விதிகள் அடிக்கடி மாறி வந்துள்ளன. முதன்மைக் கடன் வட்டி என்ற முறையில் வங்கிகள் தம் விருப்பம்போல் நடந்துகொள்கின்றன என்ற புகார் எழுந்ததால், 2010 ஜூலையில் 'அடிப்படை விகிதம்' வந்தது. 2016 ஏப்ரலில் நிதி திரட்டும் செலவின் அடிப்படையிலான 'எம்.சி.எல்.ஆர்.' முறை அதன் இடத்தைப் பிடித்தது. ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தாலும் அதன் பயன் மக்களைச் சென்றடைவதில்லை என்று ஜனக் ராஜ் தலைமையிலான ஆய்வுக் குழு 2017-ல் சுட்டிக்காட்டியது. அதன்பின், 2019 அக்டோபர் 1 முதல் வணிக வங்கிகள் புதிதாக வழங்கும் மாறுபடும் வட்டி வீட்டுக் கடன்கள், ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலுடன் கட்டாயமாக இணைக்கப்பட்டன. வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் மாற்றியமைக்க வேண்டும் என்பதும் விதி. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஏறும்போது என்ன நடக்கும்?

வெளி அளவுகோல் இருபுறமும் கூரான கத்தி. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், 2023 பிப்ரவரிக்குள் 6.50 சதவீதமாக உயர்ந்தது. ஒரு கணக்கைப் பார்ப்போம். 30 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 7 சதவீத வட்டியில் வாங்கியவரின் மாதத் தவணை சுமார் 23,259 ரூபாய். வட்டி 9.5 சதவீதமானால் தவணை 27,964 ரூபாயாக உயர வேண்டும். தவணையை உயர்த்தாமல் விட்டால், 30 லட்சத்துக்கான மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். அதாவது, கட்டும் தவணை வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்குப் பதிலாக வளரும்.

இந்த நிலையில்தான் 2023 ஆகஸ்ட் 18-ம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு முக்கியச் சுற்றறிக்கையை வெளியிட்டது. வட்டி உயரும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்பதைக் கடனாளியே தேர்ந்தெடுக்கலாம். மாதத் தவணை வட்டியையாவது ஈடுசெய்ய வேண்டும். வட்டி மாற்றியமைக்கப்படும்போது நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பையும் வங்கி தர வேண்டும் என்று அது கூறியது.

ஆனால், 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பை வங்கிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. சுற்றறிக்கையால் வந்த உரிமை சுற்றறிக்கையாலேயே போனது. அதே திருத்தம், ரெப்போவுக்கு மேல் வங்கி சேர்க்கும் கூடுதல் வட்டியின் சில பகுதிகளை மூன்றாண்டு காத்திராமல் முன்னதாகவே குறைக்கவும் வங்கிகளுக்கு அனுமதி அளித்தது. அனுமதிதான்; கட்டாயம் அல்ல.

யாருக்கு எது பொருந்தும்?

மாதச் சம்பளம் வாங்கும், இளம் வயதினருக்கு ரெப்போவுடன் இணைந்த கடன் பெரும்பாலும் ஏற்றது. 2025-ல் மட்டும் ரெப்போ விகிதம் 6.50-லிருந்து 5.25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன் பயன் இவர்களையே விரைவில் அடைந்தது.

ஓணம், தீபாவளி விற்பனையை நம்பியிருக்கும் வணிகர்களுக்குக் கையில் பணம் வரும்போது அசலில் ஒரு பகுதியை அடைக்கும் வசதி வேண்டும். தனிநபர்களின் மாறுபடும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதக் கட்டணம் வசூலிக்க வங்கிகளுக்கு 2012 முதல் தடை உள்ளது. நிலையான வட்டிக் கடனுக்கு இச்சலுகை இல்லாமல் போகலாம். உபரிப் பணத்தைக் கடன் கணக்கிலேயே வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் ஓவர்டிராஃப்ட் வகைக் கடனும் இவர்களுக்கு உதவும்.

ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளவர்களும், தவணை ஓராயிரம் கூடினாலும் தாங்க முடியாத குடும்பங்களும் நிலையான வட்டியை நாடுவதில் நியாயம் உண்டு. ஆனால், 'நிலையான' என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. முதல் சில ஆண்டுகள் மட்டுமே நிலையாக இருந்து, பின்னர் மாறுபடும் வட்டியாகும் கடன்களும் உள்ளன. 2009-ல் பாரத ஸ்டேட் வங்கி முதலாண்டுக்கு 8 சதவீதம் என்று அறிவித்த 'டீசர்' கடன் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆரம்பச் சலுகை முடிந்தபின் கடனாளிகள் திணறக்கூடும் என்று கருதிய ரிசர்வ் வங்கி, இத்தகைய கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய தொகையை 2010-ல் 2 சதவீதமாக உயர்த்தியது. 2011-ல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

கைப்பணத்தையும் கணக்கிட வேண்டும். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 32 லட்சம் வரையே தரலாம். மீதி 8 லட்சமும், பத்திரச் செலவு 4 லட்சமும் வாங்குபவர் கையிலிருந்துதான் வர வேண்டும். இந்தப் பற்றாக்குறைக்குக் கூடுதல் வட்டியில் தனிநபர் கடன் வாங்கினால், வீட்டுக் கடனில் கிடைத்த குறைந்த வட்டியின் பலன் அடிபட்டுப் போகும்.

கையெழுத்துக்கு முன்

2024 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு கடனுக்கும் 'முக்கிய விவரக் குறிப்பு' வழங்குவது கட்டாயம். அதில் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் இருக்கும். இரு வங்கிகளை ஒப்பிட விளம்பர வட்டியை விடுத்து, இந்த எண்ணையே பார்க்க வேண்டும். கூடவே நான்கு கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமான பதில் பெறுவது நல்லது: வட்டி எந்த அளவுகோலுடன் இணைந்துள்ளது? அதற்கு மேல் வங்கி சேர்க்கும் விகிதம் எவ்வளவு? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும்? நிலையான வட்டிக்கு மாற வழி உண்டா, கட்டணம் என்ன?

அடிப்படை விகிதம், எம்.சி.எல்.ஆர். ஆகிய பழைய முறைகளில் இன்னும் தொடர்பவர்களும் வெளி அளவுகோலுக்கு மாற விண்ணப்பிக்கலாம். கடன் முடிந்தபின் மூலப் பத்திரங்களை 30 நாளில் திருப்பித் தராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு கோரலாம். இந்த விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. விதிமீறல் குறித்த புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

கோடிக்கணக்கான குடும்பங்களின் 20 ஆண்டு வருமானத்தைக் கட்டிப்போடும் விதிகள், அவையில் விவாதிக்கப்படும் சட்டங்களாக வருவதில்லை. சுற்றறிக்கைகளாகவே வந்து, சுற்றறிக்கைகளாகவே மாறுகின்றன. நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பை மீண்டும் உரிமையாக்க வேண்டுமா என்பதை மக்கள் பிரதிநிதிகள் எழுப்பியாக வேண்டும். அதுவரை, கையெழுத்திடும் முன் கேட்கும் கேள்விகளே கடனாளியின் காப்பு.