கழனிக் கோரையை ஒழிக்கக் கோடை உழவு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகளுக்கு நடுவே இன்றும் ஏரிப் பாசனக் கழனிகள் இருக்கின்றன. பல இடங்களில் பக்கத்து நிலம் கைமாறி, வேலி போட்டுத் தரிசாகக் கிடக்கிறது. உழவு ஓய்ந்த நிலத்தில் முதலில் குடியேறுவது கோரை. அங்கிருந்து வரப்பைத் தாண்டி, பயிர் செய்பவரின் கழனிக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. எத்தனை முறை பிடுங்கினாலும் மறுபடி முளைக்கிறதே என்பதுதான் விவசாயிகளின் கவலை.

கோரை புல் இனத்தைச் சேர்ந்ததல்ல. தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டை தெரியும். 1977-ல் லீராய் ஹோம் முதலிய அறிஞர்கள் வெளியிட்ட நூல், கிழங்குக் கோரையை உலகின் கொடிய களைகளில் முதலாவதாக வைத்தது. நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்கும் கிழங்கும் இதனுடையதுதான்.

கிழங்கே இதன் பலம். விதையால் இது பரவுவது மிகக் குறைவு. மண்ணுக்குள் கிழங்குகள் மணி கோத்ததுபோல் வேரால் இணைந்திருக்கும். தழையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். ஈர மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டினால் சங்கிலி அறுந்து, உறங்கிக் கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைக்கும்.

இதற்குப் பகை மூன்று: வெயில், நிழல், தேங்கிய நீர். அவற்றை வரிசையாகப் பயன்படுத்த வேண்டும்.

அறுவடை முடிந்து மண் காய்ந்ததும், மழையில்லாத நாட்களில் இறக்கைக் கலப்பையால் ஆழ உழுது கிழங்கை மேலே புரட்டுங்கள். இரண்டு வாரம் நல்ல வெயிலில் காய்ந்தால் பெரும்பாலான கிழங்குகள் மடியும். மீண்டும் ஒரு முறை குறுக்கே உழுங்கள். மேலே கிடப்பவற்றைப் பொறுக்கிக் கழனிக்கு வெளியே கொண்டுபோய்க் காயப்போடலாம். இடையில் கோடை மழை பெய்து முளை விட்டால், மூன்று வாரத்துக்குள் மறு உழவு போடுங்கள். அதற்குமேல் தாமதித்தால் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும்.

அடுத்து, ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் மடக்கி உழுங்கள். அதன் அடர்ந்த நிழலில் கோரை நலியும்; மண்ணுக்கும் உரமாகும். பின்னர் சம்பாவுக்கு நன்றாகச் சேடை கலக்கி, இரண்டு அங்குல நீர் நிறுத்தினால் மிச்சமும் அடங்கும். நீரில் வரும் வட்டக்கோரையும் ஊசிக்கோரையும் விதையால் பரவுபவை. அவற்றைப் பூக்குமுன் களையெடுத்தால் போதும்.

தரிசை ஒட்டிய வரப்போரம் ஓரடி ஆழத்துக்குக் கால் வெட்டி, அடிக்கடி செதுக்கி வாருங்கள். வாடகை டிராக்டரின் கலப்பையில் ஒட்டிய மண்ணைக் கழுவிய பிறகே உள்ளே விடுங்கள். கோரை நிலத்து மண்ணை வாங்கி வந்து மேடு நிரப்ப வேண்டாம்.

ஏரிக்குள் வளரும் கோரைகளை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அவை அலையிலிருந்து கரை மண்ணைக் காத்து, பறவைகளுக்கும் புகலிடம் தருகின்றன. வட அமெரிக்காவில் ஓடைக் கரைகளையும் சதுப்பு நிலங்களையும் மீட்க, அந்த நாட்டுக் கோரைகளையே நடுகிறார்கள். மதகையும் வாய்க்காலையும் அடைப்பதை மட்டும் அகற்றுங்கள்.

ஒரே ஆண்டில் கோரை அழிந்துவிடாது. இரண்டு, மூன்று கோடை விடாமல் உழுதவரின் கழனியில் களைக்கூலி குறையும். நெல்லுக்கு இடும் உரமும் நெல்லுக்கே சேரும்.