கூச்சமா, பதகளிப்பா? வினாக்கொத்துக்கு மொழிபெயர்ப்பு மட்டும் போதாது

சான்டா கிளாராவில் உளநல உதவி நாடும் எம்மவர் கையில் பல வேளைகளில் முதலில் தரப்படுவது ஒரு வினாக்கொத்து. சமூகப் பதகளிப்பை அளக்கப் பரவலாகப் பயன்படுவது, அமெரிக்க உளமருத்துவர் மைக்கேல் லைபோவிட்ஸ் 1987இல் வெளியிட்ட அளவுகோல். அதில் 24 சூழ்நிலைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பயம் எவ்வளவு, தவிர்ப்பது எவ்வளவு என 0 முதல் 3 வரை புள்ளியிட வேண்டும். மொத்தப் புள்ளி 144.

இதை அப்படியே தமிழாக்கினால் என்ன நடக்கும்? அதிகம் அறிமுகமில்லாதவரின் கண்களைப் பார்ப்பது பற்றி ஒரு கேள்வி. பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவது எமக்கு மரியாதை. பொது இடத்தில் மற்றவர்களுடன் அருந்துவது பற்றி இன்னொன்று. அதை மதுவென்று விளங்கிக்கொள்ளும் அம்மா, தவிர்ப்பதாகவே எழுதுவார். பழக்கவழக்கம் நோயாகக் கணக்கிடப்படும்.

அதிகாரத்தில் உள்ளவர்களுடன் கதைப்பது பற்றிய கேள்வி இன்னும் சிக்கலானது. சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தவருக்குச் சீருடையைக் கண்டால் வரும் நடுக்கம் கூச்சத்தால் வந்ததல்ல. அதைக் கூச்சமென்று எழுதிவிட்டால், தேவையான சிகிச்சை கிடைக்காமற் போகலாம்.

எமது அயலில் வாழும் உருது பேசுவோருக்கும் இதே சிக்கல்தான். அவர்களின் 'ஷர்ம்' என்ற சொல் வெட்கத்தையும் குறிக்கும், போற்றப்படும் அடக்கத்தையும் குறிக்கும்.

ஆகவே தழுவல் படிப்படியாக நடக்க வேண்டும். ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவார். வேறுபாடுகளை நிபுணர்கள் திருத்துவர். பின்னர் சாதாரண மக்களிடம் கொடுத்து, "என்ன விளங்கியது?" என்று கேட்பர். நோயென்று கருதும் எல்லைப் புள்ளியையும் அந்த மக்களிடையே புதிதாகச் சோதிக்க வேண்டும். தமிழுக்குள்ளும் வேறுபாடு உண்டு: ஈழத்தில் 'பதகளிப்பு', தமிழ்நாட்டில் 'பதற்றம்'. மனத்துயர் உடல் முறைப்பாடாக வெளிப்படுவதை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். "நெஞ்சு படபடக்குது" என்பவரிடம் மனதைப் பற்றி மட்டும் கேட்டால் பாதிப் பதிலே கிடைக்கும்.

நாம் செய்யக்கூடியது என்ன? கேள்வி விளங்காவிட்டால் புள்ளியிடாமல் விளக்கம் கேட்போம். பழக்கத்தால் தவிர்க்கிறோமா, பயத்தால் தவிர்க்கிறோமா என்பதை வைத்தியரிடம் சொல்வோம். 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டத்தின்படி, மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் இலவச மொழிபெயர்ப்பு உதவி வழங்கக் கடமைப்பட்டவை. அதைக் கேட்டுப் பெறுவோம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். தன் பயத்தைப் பிள்ளையின் வாயால் சொல்ல எந்தத் தாயும் தயங்குவாள்.