கட்டுக்குள் கை விட்டுப் பார்க்கணும்

தை அறுவடை முடிந்துவிட்டால் சித்தன்னவாசல், அன்னவாசல் பக்கத்து வயல்களில் உருளை உருளையாக வைக்கோல் கட்டுகள் கிடக்கும். அறுப்பு மிஷின் தள்ளிவிட்டுப் போன வைக்கோலை, டிராக்டரில் பூட்டிய இயந்திரம் வாரிச் சுருட்டி, கயிறு சுற்றிப் பின்னால் உருட்டிவிடுகிறது. கூலியாள் கிடைக்காத காலத்தில் இது பெரிய உதவி. ஆனால் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று அந்த இயந்திரம் பார்ப்பதில்லை.

அறுத்ததுமே தாளின் உயிர் அடங்கிவிடாது. ஈரம் இருக்கும்வரை அது மூச்சுவிடும். கூடவே நுண்ணுயிர்கள் பெருகும். இரண்டும் சூட்டைக் கிளப்பும். ஈரம் நூற்றுக்குப் பதினைந்துக்குள் இருந்தால் பயமில்லை. இருபதைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும். இறுகக் கட்டிய கட்டுக்குள் சூடு வெளியேற வழியில்லை. 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 80 டிகிரியை நெருங்கினால் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஈரத்தோடு கட்டி அடுக்கிய முதல் ஆறு வாரங்கள்தான் கண்டம்.

அந்தக் காலத்தில் வைக்கோல்போர் போட்டவர்கள் இதையெல்லாம் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அடியில் கல்லோ பனைமட்டையோ பரப்பித் தரையின் ஓதம் ஏறாமல் காத்தார்கள். வைக்கோலைக் களத்தில் உதறிக் காயவிட்ட பிறகே ஏற்றினார்கள். மழைநீர் வழிந்தோட உச்சியைக் கூம்பாக முடித்தார்கள். உருளைக் கட்டை வாங்குபவருக்கும் அதே விதிதான்: பலகை போட்டு, இடைவெளி விட்டு, காற்றாட அடுக்க வேண்டும். வந்த அன்றே தார்ப்பாயால் மூடக்கூடாது. ஒரு கட்டைப் பிரித்து நடுவில் கை விட்டுப் பார்த்தால், வெதுவெதுப்பும் புழுங்கல் வாடையும் உண்மையைச் சொல்லிவிடும்.

பூசணம் பிடித்த வைக்கோல் மாட்டுக்கே ஆகாது. பஞ்சாபில் டெக் நாலா என்ற ஓடைப் பக்கத்தில் முதலில் கண்டறிந்த நோயில் எருமைகளின் வால் நுனியும் காது மடலும் அழுகி விழுந்தன. பூசணம் கண்ட நெல் வைக்கோல்தான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. குதிரை இன்னும் மென்மையான பிராணி. மாட்டுக்குள்ள நாலு அறை வயிறு அதற்கில்லை. வாந்தியெடுத்து வெளியே தள்ளவும் அதனால் முடியாது. கெட்டது உள்ளே போனால் வயிற்றுவலியில் புரண்டு புரண்டு உயிரையே விடலாம். பூசணத் தூசியை இழுத்தால் மூச்சிரைப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் புதிதாகக் கட்டிய உலர்புல்லைச் சில வாரம் ஆறப்போட்ட பிறகே குதிரைக்குப் போடுவார்கள். அதையும் பழைய தீவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குவார்கள். நெல் வைக்கோலில் சத்தும் குறைவு. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு நாலரை முதல் ஆறு கிலோ உலர்தீவனம் வேண்டும். அதில் பெரும்பங்கு நல்ல புல்லாக இருப்பதே நல்லது.

இந்த மண்ணில் குதிரைத் தீவனம் பழைய துயரம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை இறக்கினார்கள். ஆண்டுக்குப் பத்தாயிரம் என்றும், ஒன்றின் விலை சராசரி 220 தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். வந்தவற்றுள் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. இறைச்சி சேர்த்து வேகவைத்த சோற்றைக் கொடுத்தார்கள் என்று மார்க்கோ போலோ குறிக்கிறார். புல் மேய வேண்டிய வாய்க்குச் சோறும் கறியும்! பொன்னைக் கொட்டி வாங்கிய உயிர்கள், தீனி தெரியாத கைகளில் மடிந்தன.

இன்றைக்கும் புதுக்கோட்டைச் சீமையில் குதிரை வண்டி எல்கைப் பந்தயம் நடக்கிறது. பந்தயக் குதிரை வளர்ப்பவர்கள் கொள்ளையும் அருகம்புல்லையும் தேடி அலைகிறார்கள். புல் கிடைக்காத கோடையில் கட்டு வாங்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது ஒரு கைப்பிடி உருவி உதற வேண்டும். வெள்ளையாகத் தூசி பறந்தால் அந்தக் கட்டு எருக்குழிக்கு.