இழுப்பது நான்கு சக்கரம், நிறுத்துவதும் நான்கு சக்கரம்

குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஒரு பனிக்கட்டித் துண்டை எடுத்தவுடன் தொட்டுப் பாருங்கள். விரலோடு சற்றே ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிமிடம் கழித்து அதையே ஒரு தட்டின் மேல் வைத்துத் தள்ளினால் பிடிக்கு அகப்படாமல் வழுக்கி ஓடும். கடுங்குளிரில் இருக்கும் பனிக்கட்டியைவிட, உருகுநிலையை நெருங்கிய பனிக்கட்டியே அதிகம் வழுக்கும். பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீரைப் போன்ற மிக மெல்லிய படலம் உண்டு என்ற கருத்தை மைக்கேல் ஃபாரடே 1850ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். இந்தப் படலத்தின் மேல் ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுள்ள ஒரு காரை ஓட்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காருக்கும் சாலைக்கும் உள்ள தொடர்பு, டயருக்கு ஓர் உள்ளங்கை அளவாக, நான்கு உள்ளங்கை அளவு இடம் மட்டுமே.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உள்ள மான்ட்ரியல் நகருக்குப் போவோம். அங்கே ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை சுழிக்குக் கீழ் 10° செ. அளவில் இருக்கும். அந்நகரவாசி ஒருவர் கோடையில் புதிய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் வகையைச் சேர்ந்தது. இனிப் பனியைப் பற்றிக் கவலையே இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நவம்பர் வந்துவிட்டது. அவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சாதாரணக் கார்களில் எஞ்சினின் திருப்புவிசை முன் சக்கரங்கள் இரண்டுக்கோ பின் சக்கரங்கள் இரண்டுக்கோதான் செல்லும். நான்குக்கும் செலுத்துவது புதிய எண்ணமன்று. ஜப்பானில் 1972இல் வெளிவந்த சுபாரு லியோனியும், ஜெர்மனியில் 1980இல் வெளிவந்த ஆடி குவாட்ரோவும் இதைச் சாதாரணச் சாலைக் கார்களுக்குள் கொண்டுவந்தவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இன்றைய பல கார்களில் முன் சக்கரங்களே எப்போதும் இழுக்கின்றன. அவை வழுக்குவதை உணர்விகள் கண்டதும், நடுவிலுள்ள பல தட்டுக் கிளட்ச் ஒன்று இறுகிப் பின் சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து கொடுக்கிறது.

இதனால் என்ன நன்மை? ஒரு சக்கரம் சாலையைத் தள்ளக்கூடிய விசை, அதன் மேல் உள்ள எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கி வருவதாகும். இரு சக்கர இழுவையில் காரின் எடையில் ஏறக்குறைய பாதிதான் இதற்குப் பயன்படும். நான்கு சக்கர இழுவையில் முழு எடையும் பயன்படும். ஆகவே பனி மூடிய மேட்டில் மற்றக் கார்கள் சக்கரம் சுழன்று தவிக்கையில் இந்தக் கார் சிரமமின்றி ஏறிவிடும். நண்பர்கள் சொன்னது இம்மட்டில் உண்மையே.

ஆனால் பிரேக்கை மிதிக்கும்போது நிகழ்வதைக் கவனியுங்கள். உலகிலுள்ள கார்களில், விலை குறைந்த பழைய காரில்கூட, பிரேக் நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. நிறுத்தும் வேலையில் இவருடைய புதுக் காருக்கு எந்தத் தனிச் சலுகையும் கிடையாது. நிறுத்தத் தேவைப்படும் தூரத்தைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டு விடலாம்: திசைவேகத்தின் இருபடியை, உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கற்பலனின் இரு மடங்கால் வகுத்தால் போதும். காரின் எடை இதில் வரவே இல்லை, எஞ்சினும் வரவில்லை.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறார் என்று கொள்வோம். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.7, கார் 14 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியின் மேல் கெழு 0.2 ஆகிவிட்டால் 49 மீட்டர் வேண்டும். வழுவழுப்பான பனிக்கட்டியின் மேல் 0.1 என்றால் 98 மீட்டர். (ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கும்வரை ஓடும் தூரம் இவற்றில் சேரவில்லை.) தக்க டயர்களைப் போட்டு 0.2ஐ 0.3 ஆக்கினால் 49 மீட்டர் 33 மீட்டராகக் குறையும். தக்க டயருடைய கார் நின்றுவிட்ட அந்த 33ஆம் மீட்டரில், மற்றக் கார் இன்னும் மணிக்கு 29 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். சாலையைக் கடக்கும் ஒரு சிறுவன் அந்த இடத்தில் இருந்தால் இவ்வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் அடங்கியிருக்கிறது. இரு சக்கர இழுவைக் கார் கிளம்பும்போதே சற்று வழுக்கி, ‘சாலை சரியில்லை’ என்று ஓட்டுநரை எச்சரித்துவிடும். நான்கு சக்கர இழுவையில் அந்த எச்சரிக்கை வராது. கார் நிதானமாகக் கிளம்பி வேகமெடுக்கும். சாலையின் உண்மை நிலை, நிறுத்த வேண்டிய அந்த நொடியில்தான் தெரியவரும். என் கருத்தில், இந்த வகைக் காருக்குத்தான் நல்ல டயர் மிகவும் தேவை.

அந்த டயரின் சிறப்பு அதன் ரப்பரில் இருக்கிறது. ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் குளிரில் அசைவு குன்றி விறைத்துக்கொள்கின்றன. கோடைக்கான டயர் வெப்பநிலை 7° செல்சியசுக்குக் கீழே இறங்கியதுமே விறைக்கத் தொடங்கும். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்திப் பிடிக்க அதனால் இயலாது. பனிக்கால டயரில் இயற்கை ரப்பரின் பங்கு கூடுதல். நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் பாலாக வடிக்கிறார்களே, அதே ரப்பர்தான். அது கண்ணாடிபோல் இறுகிப்போக, சுழிக்குக் கீழ் 70° அளவுக்குக் குளிர் வேண்டும். இதனுடன் சிலிக்காத் தூளையும் சேர்க்கிறார்கள். டயரின் முகத்தில் கத்தியால் கீறியது போன்ற நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். இவற்றின் விளிம்புகள் பனியைக் கவ்வுகின்றன. பின்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்று 1934இல் லாரிகளுக்கென இத்தகைய முதல் டயரைச் செய்தது. மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்திவலையும் வரைந்த முத்திரை டயரின் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அது பனியில் சோதிக்கப்பட்டதற்கு அடையாளம். கியூபெக்கில் 2008ஆம் ஆண்டுக் குளிர்காலம் முதல் இது சட்டமாகவே உள்ளது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். நான்கு சக்கர இழுவைக்கும் விலக்கு இல்லை.

செலவை எண்ணி இரண்டு டயர்கள் மட்டும் மாற்றலாமா? கூடாது. முன்னும் பின்னும் பிடிப்பு வேறுபட்டால் வளைவில் கார் நிலைதடுமாறிச் சுழலும். அன்றியும், தேய்ந்த டயரின் சுற்றளவு புதியதைவிடக் குறைவு. அது ஒரே தூரத்திற்கு அதிகச் சுற்றுகள் சுற்றும். இந்த வேறுபாட்டை நடுவிலுள்ள கிளட்ச் ஓயாமல் ஈடுகட்டிச் சூடேறிப் பழுதடையக் கூடும். நான்கும் ஒரே அளவாக, ஒரே வகையாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்துடன் இருக்க வேண்டும்.

டயரில் காற்றழுத்தத்தையும் மறக்கலாகாது. கோடையில் 25° வெப்பத்தில் சதுர அங்குலத்திற்கு 33 பவுண்டு அடித்திருந்தால், சுழிக்குக் கீழ் 20° ஆகும்போது, ஒரு துளிக் காற்றும் கசியாமலே, அளவுமானியில் 26 பவுண்டுதான் காட்டும். கெல்வின் அளவையும் வளிமண்டல அழுத்தத்தையும் கொண்டு நீங்களே இதைச் சரிபார்க்கலாம்.

மற்றவை விரைவில் முடிந்துவிடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதை நாம் அறிவோம். எஞ்சின் எண்ணெயும் குளிரில் தடித்துப்போகும். எண்ணெய் டப்பாவில் ‘0டபிள்யூ-20’ என்பது போல இருக்கும் குறியில் ‘டபிள்யூ’ எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதன் முன்னுள்ள எண் சிறிதாக இருக்குமளவு எண்ணெய் குளிரில் எளிதாக ஓடும். எஞ்சினைச் சுழற்ற அதிக விசை தேவைப்படும் அதே வேளையில், வேதிவினை மந்தமாகி பாட்டரியின் திறன் சுழிக்குக் கீழ் 18° அளவில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ரேடியேட்டரில் நீரும் எத்திலீன் கிளைக்காலும் சம பங்காக இருந்தால் சுழிக்குக் கீழ் 37° வரை உறையாது. தூய கிளைக்கால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். அது சுழிக்குக் கீழ் 13° செல்சியசிலேயே உறைந்துவிடும்! கோடையில் வாங்கிய காராதலால் கண்ணாடி கழுவும் தொட்டியில் வெறும் கோடைக்கால நீர்மம் இருக்கக்கூடும். அதைக் காலி செய்து குளிர்கால நீர்மம் ஊற்ற வேண்டும்.

முதற்பனி விழுந்ததும் ஆளில்லாத வெளி ஒன்றில் 20, 30 கி.மீ. வேகத்தில் சென்று பிரேக்கை அழுத்தமாக மிதித்துப் பழகுவது மிக நல்லது. ஏ.பி.எஸ். அமைப்பு வேலை செய்யும்போது மிதிகட்டை காலடியில் அதிரும். பழக்கமில்லாதவர் அஞ்சிக் காலை எடுத்துவிடுவார், எடுக்கக் கூடாது.

காரில் மண்வாரி, கம்பளி, கைவிளக்கு, உணவு, நீர் இருக்கட்டும். அமெரிக்காவின் பஃபலோ நகரில் 2022 டிசம்பர் பனிப்புயலில் காருக்குள் சிக்கி உயிரிழந்தவர்களும் உண்டு. சிக்கிக்கொண்டால் காரை விட்டு வெகுதூரம் நடக்கக் கூடாது. வெப்பத்திற்காக எஞ்சினை அவ்வப்போது சிறிது நேரம் ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கு முன் இறங்கிப் புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியை வாரி எறிய வேண்டும். குழாய் அடைபட்டால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும்.

மார்ச் 15க்குப் பின் மான்ட்ரியலில் டயர்களை மாற்றச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் ஏப்ரலிலும் அங்கே பனி பெய்வதுண்டு. ஆகவே வெப்பநிலை 7°க்கு மேல் நிலைக்கும்வரை காத்திருப்பது நலம். அதன் பின் தாமதிக்கவும் கூடாது. குளிருக்கென மென்மையாகச் செய்த ரப்பர் கோடைச் சாலையில் விரைவில் தேய்ந்துவிடும். கழற்றிய டயர்களில் எது எந்தச் சக்கரத்தினுடையது என்று சாக்குக்கட்டியால் எழுதி, வெயில் படாத இடத்தில் அடுக்கி வைக்க வேண்டும்.